வந்து நின்றவருக்குப் போட்ட ஓட்டு

தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் நடுவே ஒரே பேச்சுதான் ஓடும். இந்த ஜனங்க மாறவே மாட்டாங்க, காசைக் கொடுத்தா போதும், பழைய சின்னத்தைப் பார்த்து அமுக்கிட்டு வந்துடுவாங்க. இப்படிப் பேசுகிறவர்கள் நாங்கள்தான். ஆசிரியர்கள், அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள், வங்கிக்காரர்கள், ஓய்வூதியர்கள். 1989 செப்டம்பரில் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. வேலூர் சாலையில் ஆட்சியர் அலுவலகம் இங்கே அமைந்த பிறகு, வயல்களாக இருந்த இடங்களில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்கள் நாங்கள். மற்றவர்களின் ஓட்டைப் பற்றி இத்தனை ஆண்டுகள் பேசிய நாங்கள், எங்களைப் பற்றி ஒருமுறையாவது பேசியிருக்க வேண்டும். இப்போதாவது பேசுகிறோம்.

முதலில், மாறவே மாட்டார்கள் என்பது உண்மை இல்லை. திமுக முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் இறங்கிய 1957இலேயே ப.உ. சண்முகத்தை அனுப்பிய ஊர் திருவண்ணாமலை. 1963 இடைத்தேர்தலில், ஆட்சியில் இருந்த காங்கிரசைத் தோற்கடித்து மறுபடியும் அவரையே அனுப்பியது. அதே தொகுதி எண்பதுகளிலும் 1991இலும் காங்கிரசுக்கும் வாய்ப்புக் கொடுத்தது. 2014இல் திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியை அதிமுக வென்றது. ஆனால் சட்டமன்றத் தொகுதியில் 1996 முதல் 2021 வரை நடந்த ஆறு தேர்தலிலும் திமுகதான். மூன்று முறை கு. பிச்சாண்டி, மூன்று முறை எ.வ. வேலு. மாநிலம் முழுக்க அந்தக் கட்சி 31 இடங்களுக்குச் சுருங்கிய 2001இலும், முதன்மை எதிர்க்கட்சி என்ற இடம்கூடக் கிடைக்காமல் 23 இடங்களோடு நின்ற 2011இலும் இந்தத் தொகுதி கைவிடவில்லை. மேற்கு மாவட்டங்களில் இரட்டை இலைக்கு இதேபோல அசையாத தொகுதிகள் இருக்கின்றன. ஆகவே இது ஒரு கட்சியின் கதை மட்டும் அல்ல. அலை எதிராக அடிக்கும்போதும் ஒரு வீடு ஏன் தன் கட்சியோடு நிற்கிறது என்பதுதான் கேள்வி.

காசு என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு வேலை மிச்சம். காசு புழங்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலின் பெயர் அதற்காகவே நிலைத்துவிட்டது. 2019இல் பக்கத்து வேலூர் மக்களவைத் தொகுதியில் பணப் பறிமுதலுக்குப் பிறகு ஏப்ரல் தேர்தலையே ரத்து செய்து, ஆகஸ்டில் மறுபடி நடத்தினார்கள். ஆனால் கொடுப்பது ஒரு கட்சி மட்டும் அல்ல. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு, முன்பே முடிவு செய்த சின்னத்துக்குப் போடும் வீடுகள் எத்தனையோ. காசு கடைசி மூன்று நாளில் வருகிறது. அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் யார் வந்தார்கள் என்பதை நாங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

சாவு விழுந்த ஒரு கூலிக்காரர் வீட்டை எடுத்துக்கொள்வோம். விடிகாலை ஆள் போய்விட்டார் என்றால், உறவுக்காரர்கள் வந்து சேரும் முன்பே டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து நிற்பவர் கட்சியின் கிளைச் செயலாளர். ஐஸ் பெட்டிக்குப் போன் போடுகிறார். பந்தலுக்கும் நாற்காலிக்கும் சொல்கிறார். மேளத்துக்கு முன்பணம் அவர் சட்டைப் பையிலிருந்து போகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மறுபடி வருகிறார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், விதவை உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேசை. கிராம நிர்வாக அலுவலரை எப்போது பிடிக்க முடியும், வருவாய் ஆய்வாளர் எந்த நாள் இருப்பார், இ-சேவை மையத்தில் எந்த நேரம் கூட்டம் இருக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் வண்டியில் தொங்கும் ரெக்சின் பையில் அந்தத் தெருவின் பாதிப் பேருடைய ஆதார் ஜெராக்சும் பாஸ்போர்ட் அளவு போட்டோவும் இருக்கும். அவர் புனிதர் அல்ல. சில வேலைக்குக் கை நீட்டுகிறார், ஒப்பந்த வேலையில் பங்கு வைத்துக்கொள்கிறார், வேண்டாதவர்களின் மனுவைக் கிடப்பில் போடுகிறார். அது அந்த வீட்டாருக்கும் தெரியும். தெரிந்தேதான் அவரைக் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் கூப்பிட்டால் வருகிற வேறு ஆள் அவர்களுக்கு இல்லை.

இதில் சொல்ல வெட்கமாக இருப்பது ஒன்று உண்டு. அந்த மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் மனு திரும்பி வரும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்றவர்களுக்கு நேரமும் இருக்கிறது. திங்கட்கிழமை காலை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்காகச் செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் எங்கள் ஊர் நிறுத்தத்தில்தான் இறங்குகிறார்கள். யாராவது தீக்குளித்துவிடுவார்களோ என்று வாசலில் போலீசார் பையையும் தண்ணீர் பாட்டிலையும் சோதிக்கிறார்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் காசு கொடுத்து எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். நாங்கள் ஒரு மேசை போட்டு, நான்கு பேர் முறை வைத்து உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கலாம். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தீர்மானப் புத்தகத்தில் நாய்த் தொல்லை இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது, வெளியாட்கள் உள்ளே வருவதைத் தடுக்க கேட் போடுவது இருக்கிறது. இந்த மேசை இல்லை.

2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். அரசு ஊழியர் குடும்பங்களுக்குக் கிடையாது என்பதால் அந்த விண்ணப்பத்தை எங்களில் பலர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்கள் முகாமுக்குப் போக அரை நாள் விடுப்புக் கேட்டார்கள். முகம் சுளித்தோம். பணம் வராதபோது மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொன்னதும், ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா என்று பார்த்ததும் கட்சிக்காரர். அதே சமையலறையில் நின்றுகொண்டு, ஆயிரம் ரூபாய்க்கு ஜனங்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்று அந்தப் பெண்களின் காதில் விழும்படி பேசியவர்கள் நாங்கள்.

விசுவாசம் அறியாமையிலிருந்து வருகிறது என்று நம்பினோமே, எங்கள் விசுவாசம் எங்கிருந்து வந்தது? 2003 ஜூலையை அரசு ஊழியர் குடும்பம் எதுவும் மறக்காது. வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று ஏறத்தாழ 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது. நள்ளிரவுக் கைதுகள், மூடிய பள்ளிகள், மாதக் கடைசியில் சம்பளம் இல்லாத வீடு. உச்ச நீதிமன்றம் வரை போய், பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமும் போனது. அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் பெரும்பாலானவை எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டன என்பது ஊருக்கே தெரியும். பழைய ஓய்வூதியத்தைக் கொண்டுவருவோம் என்று திமுக 2021இல் கொடுத்த வாக்குறுதி ஆண்டுக்கணக்கில் இழுத்தபோதும், ஆட்சிமீது மனக்கசப்பு வளர்ந்தபோதும், அதிமுக பக்கம் போனால் 2003தான் நினைவுக்கு வருகிறது என்று சொல்லிக்கொண்டோம். ஒரு கட்சி அடித்த அடியும் இன்னொரு கட்சி நீட்டிய கையும் இருபது ஆண்டுகளுக்கு எங்களைக் கட்டிப்போட்டன.

குடிசை போய்க் கான்கிரீட் வீடு வந்த நினைவும், கிலோ ஒரு ரூபாய் அரிசி வந்த மாதத்தின் நினைவும், எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்த நினைவும் மற்றவர்களைக் கட்டிப்போடுவது இதே கயிற்றால்தான். எங்களுடையதைக் கொள்கை என்றோம், அவர்களுடையதை அடிமைத்தனம் என்றோம். இந்தக் குற்றம் எங்களை இன்னும் உறுத்துகிறது.

கட்சிக்காரர் ஒருவரே துணை என்று ஒரு வீட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அவரிடம் கேள்வி கேட்க முடியாது. சாலை ஒரே மழையில் பெயர்ந்தது ஏன் என்று கிராம சபையில் எழுந்து கேட்டால், அடுத்த மாதம் அம்மாவின் முதியோர் உதவித்தொகைக்கு யாரிடம் போவது? மேற்கு வங்கத்தில் இடது முன்னணி 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் ஆண்டது. நிலச் சீர்திருத்தத்தில், குத்தகை விவசாயிகளின் பெயரைப் பதிவு செய்ததில், அது ஏழைகளுக்குச் செய்தது பெரிது. ஆனால் போகப் போக நிலத்தகராறு முதல் குடும்பச் சண்டை வரை கட்சி அலுவலகத்தில்தான் தீரும் என்றானது. கட்சி தோற்றபோது அந்தப் பழக்கம் தோற்கவில்லை. ஜனங்கள் பழைய கட்சி அலுவலகத்திலிருந்து புதிய கட்சி அலுவலகத்துக்குப் போனார்கள், ஏனென்றால் நடுவில் வேறு எதுவும் வளர்ந்திருக்கவில்லை. இங்கேயும் ஆட்சி மாறலாம், சின்னம் மாறலாம். கட்சிக்காரர் வேலையைக் கட்சி சாராமல் செய்ய ஆள் இல்லாதவரை, ரெக்சின் பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும், அவ்வளவுதான்.

நடுவில் வளர வேண்டியது ஊராட்சி. அதை நாங்கள் எப்படி வைத்திருந்தோம்? 2011இல் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்று ஆண்டுகள் வேங்கிக்காலுக்குத் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. வழக்குப் போட்டுப் போராடியவர்கள் யார் யாரோ. நாங்கள் ஒரு மனுக்கூட எழுதவில்லை. குப்பை வண்டி வந்தால் சரி என்று இருந்தோம். அதற்கு முன்பும் பின்பும் கிராம சபை கூடியபோது வந்தவர்கள் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும் கட்சிக்காரர்களும்தான். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டத்தை 2022இல் தண்ணீர் தினத்தையும் உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆறாக்கினார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 எல்லாம் எங்களுக்கு விடுமுறை நாள்தான். வேலை நாள் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது, இந்தத் தொகை எந்த வேலைக்கு என்று கேட்கத் தெரிந்தவர்கள், கேட்டதற்காக உதவித்தொகை எதையும் இழக்க வேண்டியிராதவர்கள் அந்த ஊரில் நாங்கள்தான். எங்கள் நாற்காலிகள் காலியாக இருந்தன. தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட்டத்தை முடித்தார்கள்.

ஏரியையும் அப்படித்தான் விட்டோம். மழை வலுக்கும் ஆண்டுகளில் வேங்கிக்கால் ஏரி நிரம்பி உபரிநீர் தெருவுக்கும் சாலைக்கும் வரும்போது செல்போனில் படம் எடுத்து அனுப்புவோம். நீர் போக வேண்டிய கால்வாய் எந்த மனைகளுக்கு நடுவே குறுகியது என்று கேட்டால், வரைபடத்தில் எங்கள் வீடுகளும் வந்துவிடும். 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இறங்கி 7 பேர் புதைந்து இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அந்த வாரம் முழுக்க, மலையடிவாரத்தில் போய் ஏன் வீடு கட்டினார்கள் என்று பேசினோம். வயலிலும் ஏரிக்குப் பக்கத்திலும் மனை வாங்கிக் கட்டிய நாங்கள் பேசினோம். அவர்களுக்கு வேறு எந்த இடத்தில் மனை வாங்க முடிந்திருக்கும் என்று யோசிக்கவில்லை.

எங்கள் தெருவுக்கு சிமெண்ட் சாலை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சங்க நிர்வாகிகள் சால்வையோடு போய் அதே கட்சிக்காரரைப் பார்த்தார்கள். வந்தது. மகனின் இடமாறுதலுக்குப் போனவர்களும் உண்டு. நாங்களும் அதே வாசலில் நின்றவர்கள்தான், கொஞ்சம் வெளுத்த சட்டையோடு.

2024இல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. சேர்த்த ஊராட்சிகளில் வேங்கிக்காலும் ஒன்று. இனி கிராம சபை கிடையாது. அந்த இடத்தில் நகரப் பகுதிகளுக்கான பகுதி சபை வர வேண்டும், வார்டுதோறும் மக்கள் உட்கார்ந்து கேட்கும் கூட்டம். வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று பயந்து இணைப்பை எதிர்த்தவர்கள் அந்தக் கூலிக்காரர்கள். மனை விலை ஏறும் என்று மகிழ்ந்தவர்களில் நாங்கள் நிறையப் பேர். அந்த வேலை போய்விட்டால் நகரத்தில் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது, யாரிடம் கேட்டுப் பெறுவது என்பதை அரசாணையை எடுத்துப் படித்து அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தான். பகுதி சபைக்கு இந்தமுறை போக வேண்டும். போகிறவர்கள் தங்கள் தெருக் கால்வாயை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்து நிலுவையில் இருப்பவர்கள் எத்தனை பேர், ஏன் நிலுவை என்று அதே கூட்டத்தில் சத்தமாகக் கேட்க வேண்டும். எந்தக் கட்சிக்காரரையும் துணைக்கு அழைக்காமல் கேட்க வேண்டும். பதில் வரும்வரை அடுத்த கூட்டத்துக்கும் போக வேண்டும். திங்கட்கிழமை மேசைக்கு முதலில் நான்கு பேர் போதும். பேனாவும் படிவங்களும் எங்கள் வீடுகளிலேயே இருக்கின்றன.