கைக்குள் அடங்கும், பிடிக்குள் அடங்காது

தோட்டப் பகுதிகளில் களவும் அடிதடியும் கூடிவிட்டன. ஆகவே துரைமார் தொடங்கி இராக்காவல் பார்ப்பவர் வரை தகுதியானவர்களுக்குச் சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கொடுக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு உதாரணமாக அவர் எடுத்துக்கொண்டது எங்கள் யட்டியாந்தோட்டையை. ஊரின் பேரை இழுத்துவிட்டபடியால் ஊர்க்காரன் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

அவருடைய வாதம் இதுதான். துப்பாக்கி சின்னது, அதனால் பெரிதாக உதைக்காது. உதைக்காததால் பெண்களும் வயதானவர்களும் கூடக் கையாளலாம். கையாள எளிதென்பதால் ஆபத்தில் உயிர் காக்கும். அடுக்கிய விதம் அழகாகத்தான் இருக்கிறது. அடியில் இருக்கும் முதல் கல்லே பொய் என்பதுதான் குறை.

பாடசாலையில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதியைக் கட்டுரையாளர் எங்கே தொலைத்தாரோ தெரியாது. தோட்டா முன்னால் போகும்போது அதே உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளுகிறது. சட்டைப்பைத் துப்பாக்கிகளில் பரவலாகப் பயன்படும் 9 மி.மீ. குட்டை ரவையை எடுத்துக்கொள்வோம். குண்டின் எடை ஏறத்தாழ 6 கிராம், வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 290 மீற்றர். இதை 600 கிராம் எடையுள்ள துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், துப்பாக்கி செக்கனுக்கு 2.9 மீற்றர் வேகத்தில் கையை நோக்கி வரும். அந்த உதைப்பின் சக்தி ஏறத்தாழ 2.5 ஜூல். அதே ரவையை 300 கிராம் துப்பாக்கியில் போடுங்கள். வேகம் 5.8 மீற்றர், சக்தி 5 ஜூல். வெடிமருந்தின் பங்கைச் சேர்த்தால் இரண்டும் இன்னும் கூடும். துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால் உதைப்பு இரண்டு மடங்காகிறது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நம் கிழவிகளுக்குத் தெரிந்தது, ஆயுத நிபுணராக எழுத வந்தவருக்குத் தெரியவில்லை.

இது கணக்கு. கையில் நடப்பது இதைவிட மோசம். இந்தத் துப்பாக்கிகளின் பிடி இரண்டு விரலுக்குத்தான் இடம் கொடுக்கும். சுண்டுவிரல் பிடிப்பில்லாமல் கீழே தொங்கும். வெடித்ததும் முனை மேலே துள்ளும். அதை அடக்கப் போதுமான பிடி உள்ளங்கைக்குக் கிடைக்காது. கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தவருக்கு, பின்னால் பாயும் மேற்பகுதியான ஸ்லைடு பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தோலைக் கிழித்துவிடும். வால்தர் பிபிகே என்ற சின்னத் துப்பாக்கி இப்படிக் கடிப்பதற்குப் பேர்போனது. மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல், வெற்றுக் கோது வெளியே விழாமல் நடுவில் சிக்கிக்கொள்ளும். முதல் வெடியோடு துவக்கு வெறும் இரும்புத் துண்டாகிவிடும். பயந்து நடுங்குகிற கையில் மணிக்கட்டு தளராமல் எப்படி இருக்கும்?

அதோடு முடியவில்லை. பிபிகே, பெரெட்டா 1934 போன்றவற்றில் குழலைப் பூட்டிவைக்கும் பொறி கிடையாது. வெடிப்பின் வேகத்தை ஸ்லைடின் கனமும் சுருள்வில்லின் விறைப்பும்தான் தாங்க வேண்டும். அதனால் முதல் ரவையை அறைக்குள் ஏற்ற அந்த விறைத்த ஸ்லைடைப் பின்னால் இழுப்பதே பெரும்பாடு; பிடித்து இழுக்க இடமும் கொஞ்சம். குழல் குட்டையானதால் குறி பார்க்கும் இரண்டு முனைகளுக்கும் இடையே தூரம் குறைவு. கை மயிரிழை அசைந்தாலும் குறி எங்கோ போய்விடும். அனுபவமுள்ள பயிற்சியாளர் புதியவர் கையில் முதலில் கனமான, நடுத்தர அளவுத் துப்பாக்கியைத்தான் கொடுப்பார். பெண்களுக்குச் சின்னதே பொருத்தம் என்பது விற்பவனின் பேச்சு. கையாள மிகக் கடினமானதை எடுத்து, மிகக் குறைந்த பழக்கமுள்ளவர்களுக்கு நீட்டுகிறார் நம் கட்டுரையாளர். இதற்குப் பேர் அக்கறையாம்.

சரி, உதைக்காத சின்னத் துப்பாக்கியே இல்லையா என்று அவர் கேட்கலாம். இருக்கிறது. 6.35 மி.மீ. ரவை போடும் பேபி பிரௌனிங் போன்றவை கால் கிலோவுக்குச் சற்றே கூடிய எடையில் மெதுவாகத்தான் உதைக்கும். காரணம் எளிது. அந்தக் குண்டின் சக்தி ஏறத்தாழ 85 ஜூல்தான். மேலே சொன்ன 9 மி.மீ. குட்டை ரவையில் மூன்றிலொரு பங்கு. பயிர்களுக்குள் இறங்கும் பன்றியை விரட்டவும் இது உதவும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாரே, அதற்கு இதுவே பதில். விவசாயிகள் வைத்திருக்கும் பன்னிரண்டாம் நம்பர் துவக்கின் வெடி 2,000 ஜூலைத் தாண்டும். அப்படியும் காயம்பட்ட பன்றியின் முன்னால் நிற்க அனுபவசாலி தயங்குவார். 85 ஜூலோடு பன்றிக்கு முன்னால் போய் நிற்கும் முதல் ஆளாகக் கட்டுரையாளரே இருக்கட்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். சின்னத் துப்பாக்கி பெரிய வேலை செய்யும் என்பதற்கு அவர் காந்தி கொலையைச் சான்றாக இழுத்திருக்கிறார். நல்லது, அதையே பார்ப்போம். 1948 ஜனவரி 30 அன்று டெல்லி பிர்லா மாளிகையில் கோட்சே பயன்படுத்தியது பெரெட்டா 1934. கும்பிட்டுக்கொண்டு எதிரே வந்த முதியவரை, கை எட்டும் தூரத்தில் நின்று மூன்று முறை சுட்டான். 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய முடிக்குரிய இளவரசரைச் சுடப் பிரின்சிப் பயன்படுத்தியதும் சின்னத் துப்பாக்கிதான், எஃப்என் 1910. கார் அவன் பக்கத்திலேயே வந்து நின்றது. பெல்கிரேட் பூங்காவில் முன்கூட்டியே சுட்டுப் பழகியவன் அவன். 1865இல் லிங்கனைச் சுட்ட பூத்தின் கையில் இருந்தது ஒரே ஒரு ரவை போடும் டெரிஞ்சர். அவன் நின்றது அவர் முதுகுக்குப் பின்னால்.

மூன்றிலும் ஒரே கதை. சுட்டவன் துப்பாக்கியோடு தயாராகக் காத்திருந்தான். சுடப்பட்டவர் அந்தக் கணத்தில் அதை எதிர்பார்க்கவில்லை. தூரம் ஓரிரண்டு எட்டு. சட்டைப்பைத் துப்பாக்கி கைகொடுப்பது ஒளித்து வைத்துக்கொண்டு நெருங்குகிறவனுக்கு. திடீரென்று தாக்கப்படுகிறவருக்கு இந்த வசதி கிடைப்பதில்லை. கொலைகாரனின் வசதியைக் காட்டி, காப்பாற்றிக்கொள்கிறவருக்கு அதுவே கேடயம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

வெளிநாட்டுக் கதை எதற்கு? அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டைக்கு வரும் பாதையில்தான் தல்துவை இருக்கிறது. அந்த ஊர்ப் பேரைத் தாங்கிய தல்துவே சோமாராம தேரர், 1959 செப்டம்பர் 25 அன்று கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டார். அது சின்னத் துப்பாக்கியும் அல்ல. ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள வெப்லி ரிவோல்வர். அந்தப் பெரிய ஆயுதமே காவியுடைக்குள் மறைந்து பிரதமரின் விறாந்தை வரைக்கும் போயிற்று. வாசலில் ஆயுதம் தாங்கிய காவலர் இருந்தார். அவர் சுட்டதில் சோமாராம காயப்பட்டார். ஆனாலும் பிரதமர் மறுநாள் இறந்துபோனார். பயிற்சி பெற்ற காவலரின் துப்பாக்கியே பிந்திப்போன இடத்தில், கணக்கப்பிள்ளையின் சட்டைப்பைத் துப்பாக்கி முந்திவிடுமாம்.

முந்துவதைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றிப் பொலிஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983இல் எழுதியது அது. 21 அடி தூரத்தில் நிற்கும் கத்திக்காரன் ஏறத்தாழ ஒன்றரைச் செக்கனில் ஓடிவந்து எட்டிவிடுவான். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடப் பழகிய பொலிஸ்காரருக்கும் அவ்வளவு நேரம் வேண்டும். இது உறையிலிருந்து உருவும் கணக்கு. திறப்புக்கொத்து, கைலேஞ்சி, வெற்றிலைப் பொட்டலத்தோடு காற்சட்டைப் பைக்குள் கிடப்பதைத் தேடி எடுப்பதற்கான கணக்கைக் கட்டுரையாளர்தான் போட வேண்டும். தோட்டத்துச் சண்டையில் எல்லார் கைக்கும் எட்டுவது கவ்வாத்துக் கத்தி. தேயிலை நிரைக்கும் குறுக்குப் பாதைக்கும் நடுவில் 21 அடி இடைவெளி எங்கே இருக்கிறது?

அடுத்து, இந்தத் துப்பாக்கியை எங்கே வைப்பது? பங்களாவில் இரும்புப் பெட்டி இருக்கலாம். இராக்காவல்காரர் இருப்பது லயத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதற்குள்தான் சமையல், படுக்கை, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாம். கூரைத் தகரத்தின் கீழே அடுத்த காம்பராவில் பேசுவது இங்கே கேட்கும். அந்த அறையில் பூட்டில்லாத ஒரு தகரப்பெட்டிக்குள் ரவை ஏற்றிய துவக்கைப் பிள்ளையின் கைக்குப் படாமல் எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? சம்பள நாள் இரவில் குடித்துவிட்டு வருகிறவன் கைக்கு அது படாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? கட்டுரையில் லயம் என்ற சொல்லே இல்லை. தோட்டத்தைப் பற்றி எழுத வந்தவர் தோட்டத்துக்குள் வந்து பார்க்கவில்லை.

சட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரு முறைப்பாடு: அனுமதி பெறுவது கடினமாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்கச் சொல்வது அலுவலகத்தாரின் பொழுதுபோக்குக்காக அல்ல. தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளை மறுபரிசீலனைக்காகத் திரும்ப ஒப்படைக்கும்படி 2024 இறுதியில் பாதுகாப்பு அமைச்சே அறிவித்தது. கொடுத்ததையே திரும்பக் கேட்கும் காலத்தில், இன்னும் அள்ளிக் கொடுங்கள் என்கிறார் இவர்.

நம் பக்கத்துத் தெரணியகலையில், நூரித் தோட்டத்தில், 2013 ஜூலையில் தோட்ட அத்தியட்சகர் கொல்லப்பட்டதை அவர் குறிப்பிட்டிருக்க வேண்டும், குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் அவருடைய வாதம் சரிந்துவிடும். அது தனி ஒருவன் செய்த வேலை அல்ல, ஒரு கும்பலின் வேலை. பிரதேச சபைத் தலைவர் ஒருவரே குற்றவாளியாகக் காணப்பட்டு, மற்றவர்களோடு சேர்த்து மரண தண்டனை பெற்றார். அந்தக் கும்பலுக்கு முன்னால் ஆறு ரவைத் துப்பாக்கி என்ன செய்திருக்கும்? அரசியல் செல்வாக்கோடு சண்டியன்கள் ஆடியதும், அதைத் தடுக்கவேண்டியவர்கள் பார்த்துக்கொண்டு இருந்ததும்தான் அங்கே நோய். கடைசியில் அவர்களை மடக்கியது பொலிஸ் விசாரணையும் நீதிமன்றமும்; யாருடைய சட்டைப்பையும் அல்ல.

தோட்டத்து ஆட்களின் உயிரில் உண்மையான அக்கறை இருந்தால் கேட்கவேண்டியவை வேறு. இருட்டில் இறப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் பாதைக்கு வெளிச்சம் கேளுங்கள். மலைக்குத் தனியாகப் போகும் பெண்களுக்குத் துணையாள் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ளும் பொலிஸ் உத்தியோகத்தரைக் கேளுங்கள். சண்டியன் எந்தக் கட்சிக்காரன் என்று பாராமல் பிடிக்கச் சொல்லுங்கள். இவற்றுக்கெல்லாம் பொறுப்பு அரசாங்கமும் தோட்டக் கம்பனியும். சட்டைப்பையில் ஒரு துப்பாக்கியைத் திணித்துவிட்டால் அந்தப் பொறுப்பு முழுவதும் இராக்காவல்காரரின் தலையில் விழுந்துவிடும், செலவும் மிச்சம். கட்டுரையாளர் தெரிந்தே அதற்காக எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்பது அவருக்கே வெளிச்சம். எழுதியது பிழை.