பிர்அவ்னின் நெற்றிப் பாம்பு

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்ல வரும் நம் மேடைப் பேச்சாளர்கள், பண்டைய எகிப்தியரை 'விலங்குகளை வணங்கிய மூடர்கள்' என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிட்டு, கைத்தடி பாம்பான இடத்துக்குத் தாவிவிடுகிறார்கள். இது பிர்அவ்னுக்குக் காட்டும் சலுகை என்பேன்.

1922-இல் கண்டறியப்பட்ட தூத்தங்காமூன் கல்லறையில் கிடைத்த பொன்முகமூடியின் நெற்றியில் ஒரு நாகம் படமெடுத்து நிற்கிறது. அருகே பிணந்தின்னிக் கழுகு. நாகம் வட எகிப்தின் காவல் தெய்வம், கழுகு தென் எகிப்தினது. இரு நாடும் ஒருவனுக்கே உரியவை என்பது பொருள். அந்நாகம் மன்னனின் பகைவர்மீது நெருப்பை உமிழும் என்றும் நம்பினர். ஏறத்தாழ கி.மு. 3100-ஐச் சேர்ந்த நார்மர் பலகையில் அரசனே காளையாகிப் பகைவனை மிதிக்கிறான். வல்லூறு வடிவத் தெய்வமான ஹோரஸும் அரசனே!

ஆக, விலங்கைக் காட்டித் தன்னை வணங்கச் செய்தவன் அவன். தானே மேலான இறைவன் என அவன் கொக்கரித்ததைத் திருமறை எடுத்துரைக்கிறதே, அந்த ஆணவத்தின் முத்திரைதான் நெற்றி நாகம். அத்தகைய அரியணையின் முன்னேதான் கைத்தடி பாம்பாயிற்று. பின்னர் மக்கள் திரண்ட திடலில் சூனியக்காரர்களின் கண்கட்டு வித்தையை விழுங்கிற்று. முடியின் பொருளறியாதவருக்கு இக்காட்சியின் பாதி புலப்படாது.

அவ்வுருவங்களை ஏறிட்டுப் பார்ப்பதே தகாது என்போரும் நம்மிடையே உண்டு. சிங்க உடலும் மன்னன் தலையும் கொண்ட கீஸாவின் சிலை முகத்தை, கி.பி. 1200-ஐ ஒட்டி அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி நேரில் கண்டு, அதன் அழகை வியந்து எழுதினார். அவருடைய ஈமானை எவரும் ஐயுறவில்லை.