சக்கரம் தரையில் நிற்கட்டும்!



"மின்சாரக் காரில் என்ஜின் இல்லை. ஆகவே இனிமேல் மெக்கானிக்குக்கும் வேலை இல்லை." என் இயற்பியல் வகுப்பில் ஒரு மாணவர் இப்படிச் சொன்னார். வகுப்பில் பாதிப்பேர் ஆமோதித்துத் தலையசைத்தனர். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்சாரக் காரை வாங்கியபோது நானும் ஏறத்தாழ அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணம் தவறு என்று எனக்குக் கற்பித்தது, கைப்பிடிக்குள் அடங்கிவிடும் ஒரு ரப்பர் வளையம்.

மின்சாரக் காரில் எவையெல்லாம் இல்லை என்று முதலில் பார்ப்போம். பிஸ்டன் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, என்ஜின் ஆயில் இல்லை, சைலன்சரும் இல்லை. ஆனால் சாலையில் பள்ளம் இருக்கிறதல்லவா? வேகத்தடை இருக்கிறதல்லவா? காரின் எடை எங்கேனும் போய்விட்டதா? பள்ளமும் எடையும் உள்ளவரை, அவற்றிற்கு இடையே நின்று அடி வாங்கும் சஸ்பென்ஷனும் இருந்தே தீர வேண்டும். மோட்டார் புதிது, நியூட்டன் விதிகள் பழையவைதாம்.

காரின் முன்பக்கத்தில் என்ன இருக்கிறது?

பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மக்பர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு. ஏர்ள் மக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரைக் கொண்டது. 1950-இல் வெளிவந்த போர்டு கான்சல் காரில் இது இடம்பெற்றது. இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றிலும் இதே அமைப்புத்தான்.

இதில் ஒரு சுருள்வில் உண்டு. அது பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வில்லின் நடுவே ஷாக் அப்சார்பர் உண்டு; வில் ஆடிக்கொண்டே இராதபடி அது அலைவை அடக்கும். கீழே லோயர் ஆர்ம் என்னும் இரும்புக் கை ஒன்று சக்கரத்தைக் காரின் சட்டத்துடன் இணைக்கும். அந்தக் கையின் வெளி நுனியில் பால் ஜாயின்ட் இருக்கும். நம் தோள்மூட்டைப் போலப் பல திசைகளிலும் திரும்பக்கூடியது அது. கையின் உள் நுனியில், சட்டத்தோடு சேரும் இடத்தில், புஷ் இருக்கும். என் கதையின் நாயகன் இந்தப் புஷ்தான்.

புஷ் என்பது என்ன? ஒன்றினுள் ஒன்றாக இரண்டு உலோகக் குழாய்கள், நடுவில் ரப்பர். ரப்பர் இரண்டு குழாய்களோடும் இறுக ஒட்டப்பட்டிருக்கும். வெளிக்குழாய் லோயர் ஆர்முக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். உள்குழாயின் வழியே ஒரு போல்ட் சென்று அதைச் சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும்போது குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்று உரசிச் சுழல்வதில்லை. நடுவிலுள்ள ரப்பர்தான் முறுகி, மீண்டும் நேராகிறது. எண்ணெய் வேண்டாம், ஓசை இல்லை. எளிமையான ஏற்பாடு.

எனக்கு நேர்ந்தது

என் காரின் முன்பக்கத்தில் வேகத்தடைகளின்மேல் ஏறும்போதெல்லாம் 'டொக், டொக்' என்று ஓசை வரத் தொடங்கியது. பெட்ரோல் கார் என்றால் என்ஜின் இரைச்சலில் அது கேளாமலே போயிருக்கலாம். மின்சாரக் காரின் அமைதி நோயை முன்கூட்டியே காட்டிக் கொடுத்தது. ஒரு பெரிய பணிமனைக்குக் கொண்டு சென்றேன். புஷ் கிழிந்திருக்கிறது என்றார்கள். புஷ் மட்டும் தனியே கிடைக்காது என்று சொல்லி, லோயர் ஆர்ம் இரண்டையுமே புதிதாக மாற்றினார்கள். ஓசை நின்றது.

எட்டு மாதங்களில் ஓசை திரும்பி வந்தது. புதிய புஷ் கிழிந்திருந்தது! "மின்சாரக் கார் சார், எடை அதிகம். அப்படித்தான் தேயும்" என்றார்கள். நானும் நம்பினேன்.

நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால், அறுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டினேன். அவர் காரின் அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். "சார், கிழிசல் ஒரே பக்கமா இருக்கு பாருங்க. வண்டியைத் தூக்கி வச்சு, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்காங்க. சக்கரம் தரையில நின்ன பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்கணும்" என்றார்.

"ஏன் அண்ணே?" என்று கேட்டேன்.

"ரப்பர் எப்பவும் முறுகியே இருந்தா எத்தனை நாள் தாங்கும் சார்?" என்றார் அவர்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருபது ஆண்டுகளாக முறுக்கத்தையும் மீட்சித் தன்மையையும் கரும்பலகையில் எழுதி விளக்கி வருபவன் நான். அந்தப் பாடம் என் காரின் அடியிலேயே இருந்தது எனக்குத் தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அவர் சொன்னதை நாம் எண்களில் காணலாம். லோயர் ஆர்மின் நீளம் 35 சென்டிமீட்டர் என்று கொள்வோம். காரைத் தூக்கினால் சக்கரம் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே தொங்கும். கை சாயும் கோணத்தின் சைன் மதிப்பு 10/35. கோணம் ஏறத்தாழ 17 டிகிரி. அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால், அதுவே ரப்பருக்கு முறுக்கமற்ற நிலையாகிவிடும். காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் 17 டிகிரி முறுகிவிடும். கார் வாசலில் சும்மா நிற்கும்போதும், இரவு முழுவதும், அந்த முறுக்கம் நீங்காது. சக்கரம் ஒரு மேட்டில் 6 சென்டிமீட்டர் ஏறினால் இன்னும் 10 டிகிரி சேரும். மொத்தம் 27 டிகிரி.

சக்கரம் தரையில் நிற்கும் நிலையில் இறுக்கியிருந்தால்? வாசலில் நிற்கும்போது முறுக்கம் சுழி. மேட்டில் ஏறும்போது வெறும் 10 டிகிரி. அதே ரப்பர், அதே போல்ட், அதே இறுக்கம். இறுக்கிய நேரம் ஒன்றுதான் வேறு. ரப்பரின் ஆயுளோ பல மடங்கு மாறிவிடுகிறது.

எடையைப் பற்றிய பழி

"மின்சாரக் கார் எடை அதிகம்" என்று அவர்கள் சொன்னது முழுப்பொய் அன்று. ஒரே மாதிரிக் காரில் பெட்ரோல் வகையைவிட மின்சார வகை இருநூறு, முந்நூறு கிலோகிராம் கூடுதலாக இருப்பது உண்டு; பாட்டரியின் எடை அது. ஆனால் அந்தப் பாட்டரி தரையோடு தரையாகப் பரவிக் கிடப்பதால், கூடுதல் எடை முழுவதும் முன் சக்கரங்களின்மேல் விழுவதில்லை. பின் சக்கரங்களும் பங்கு கொள்கின்றன. காரின் ஈர்ப்பு மையமும் தாழ்ந்து விடுகிறது.

எடையை முன்கூட்டியே அறிந்துதான் வடிவமைப்பாளர் வில்லையும் புஷ்ஷையும் தேர்ந்தெடுக்கிறார். ஒரு சக்கரத்தின்மேல் 50 கிலோகிராம் கூடினால், அதாவது சுமார் 500 நியூட்டன் விசை கூடினால், மீட்டருக்கு 20,000 நியூட்டன் வலுவுள்ள வில் இரண்டரை சென்டிமீட்டர் தாழும். ஹூக்கின் விதிதான். ஆகவே பெயர் ஒன்றே என்பதற்காகப் பெட்ரோல் காரின் வில்லை மின்சாரக் காரில் மாட்டுதல் கூடாது. சரியான பாகம் எது என்பதைக் காட்டும் பட்டியல் மெக்கானிக்கின் கையில் இருந்தாக வேண்டும்.

இது அற்ப விஷயம் என்று கருத வேண்டாம். 2020 அக்டோபரில் டெஸ்லா நிறுவனத்தின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் வகை மின்சாரக் கார்களில் ஏறத்தாழ 30,000 கார்கள் சீனாவில் திரும்பப் பெறப்படும் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. காரணம் பாட்டரி அன்று, மோட்டாரும் அன்று. சஸ்பென்ஷன் இணைப்புகளில் ஏற்படக்கூடிய பழுதுதான். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் இராது. இங்கே நாம் பேசுவது உயிரைப் பற்றி.

என் கருத்து

பாகத்தை மாற்றுவது வேறு. பழுது பார்ப்பது வேறு. பாகத்தை விலை கொடுத்து வாங்கலாம். எப்போது இறுக்க வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும், ஏன் அப்படி என்ற அறிவை யார் கொடுப்பது? அந்த அறிவு இன்று இரண்டு பூட்டுகளுக்குள் கிடக்கிறது.

முதற்பூட்டு, தயாரிப்பாளர்களின் கையில் உள்ளது. பாகங்களின் பட்டியலும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய இறுக்க அளவும், செயல்முறைக் கையேடும் தத்தம் பணிமனைகளுக்கு மட்டுமே என்று வைத்துக்கொண்டால், தெருவோர மெக்கானிக் ஊகத்தில்தான் வேலை செய்ய நேரும். "மின்சாரக் காரில் உயர் மின்னழுத்தம் உள்ளது, தெரியாதவர் தொட்டால் ஆபத்து" என்பது தயாரிப்பாளர்கள் கூறும் காரணம். அதில் உண்மை உண்டு. ஆரஞ்சு நிறக் கேபிள்களைப் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது. அடியில் பாட்டரி இருப்பதால் ஜாக்கியைக் கண்ட இடத்தில் வைக்கவும் கூடாது. பாட்டரிப் பெட்டி நசுங்கிவிடும். ஆனால் ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும் என்று அனைவருக்கும் சொல்வதால் ஆபத்து குறையுமா, கூடுமா? அறிவை மறைப்பதால் எந்த வேலையும் பாதுகாப்பானதாக ஆகிவிடுவதில்லை.

புஷ் மட்டும் வேண்டுமென்றால் முழுக் கையையும் வாங்கு என்பதும் இத்தகையதே. பால் ஜாயின்ட் கையோடு சேர்த்தே செய்யப்பட்டிருந்து, அதுவும் தேய்ந்திருந்தால், முழுக் கையை மாற்றுவதே நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரப்பர் மட்டும் கிழிந்திருக்கும்போது நல்ல இரும்பைக் குப்பையில் எறிவது சிக்கனமா? சுற்றுச்சூழலைக் காக்கவென்று வாங்கிய வண்டியில் இப்படிச் செய்யலாமா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் வாக்களித்து, வாகனப் பழுதுபார்ப்புத் தகவல்களை வெளிப் பணிமனைகளுக்கும் தர வேண்டும் என்று சட்டம் செய்தனர். நம் நாட்டில் 2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு ஒன்றை அமைத்தது. அதன் பட்டியலில் வாகனங்களும் இடம்பெற்றன. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் தகவல் தருவது தயாரிப்பாளரின் விருப்பமாக இல்லாமல் கடமையாக ஆக வேண்டும் என்பதே என் கருத்து.

இரண்டாவது பூட்டு, எங்கள் கையில் உள்ளது. ஆம், ஆசிரியர்களாகிய எங்கள் கையில்தான். முறுக்கத்தின் வரையறையைத் தேர்வில் கேட்கிறோம். சக்கரம் தரையில் நிற்கும்போது போல்ட்டை ஏன் இறுக்க வேண்டும் என்று என்றேனும் கேட்டிருக்கிறோமா? அந்த மெக்கானிக்குக் கோணத்தின் சைன் தெரியாது. ஆனால் காரணம் தெரிந்திருந்தது. எனக்குச் சைன் தெரிந்திருந்தது, காரணம் தோன்றவில்லை. இருவரும் ஒரே அறிவியலின் இரண்டு பாதிகளை வைத்துக்கொண்டு தனித்தனியே நின்றோம். பெரிய பணிமனையில் என் காரைத் தொட்ட இளைஞரிடம் இரண்டு பாதியுமே இல்லாமற்போனது அவர் குற்றமன்று. அவருக்குக் கற்றுத் தராதவர்களின் குற்றம்.

நீங்கள் செய்யக் கூடியவை

முதலில் ஓர் எச்சரிக்கை. ஸ்ட்ரட்டை நீங்கள் கழற்ற முயலக் கூடாது. மீட்டருக்கு 25,000 நியூட்டன் வலுவுள்ள வில் 20 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால் அதனுள் 500 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கும். 50 கிலோகிராம் மூட்டையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் ஆற்றல் அது! கை நழுவினால் வில் எலும்பை முறித்துவிடும்.

ஆனால் கண்ணாலும் காதாலும் செய்யக் கூடியவை பல. ஒரு நீண்ட அழிரப்பரை எடுத்து, ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறு நுனியைச் சற்றே முறுக்கி விடுங்கள். மறுபடி நன்றாக முறுக்கி, அந்த நிலையிலிருந்து மேலும் மேலும் முறுக்குங்கள். எதில் விரிசல் முதலில் தோன்றுகிறது என்று பாருங்கள். வீட்டு வண்டி வேகத்தடையில் ஓசை எழுப்பினால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சக்கரம் ஒரு டிகிரி திரும்பி நின்றாலே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது என்பது பொருள். முன் சஸ்பென்ஷனில் பாகம் மாற்றிய பின் வீல் அலைன்மென்ட் பார்ப்பது இதனால்தான்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பணிமனைக்குப் பெரியவர்களோடு நீங்களும் செல்லுங்கள். "கடைசி இறுக்கு சக்கரம் தரையில் நிற்கும்போதுதானே?" என்று மரியாதையோடு கேளுங்கள். "ஆமாம் தம்பி" என்று அவர் சொன்னால், ஏன் என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் விடையை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள்.

என் காரின் முன்பக்கம் இப்போது ஓசையின்றி ஓடுகிறது. அந்த மெக்கானிக் காரைத் தரையில் இறக்கி, என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு, அதன் பிறகே போல்ட்டை இறுக்கினார். அடுத்த வாரம் முறுக்கம் பற்றிய பாடத்தை நான் அந்தப் புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். "மெக்கானிக்குக்கு வேலை இல்லை" என்று சொன்ன மாணவரிடம் முதலில் கொடுத்தேன். அவர் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.