பொறுமை என்பது மௌனமா?



திருவருகைக் காலம் நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. பீடம் ஊதா நிறம் பூணுகிறது. ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் ஒலிப்பதில்லை. பசுமை வளையத்தில் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. எல்லாவற்றையும் உடனே கேட்கும் மனித மனத்தைத் திருச்சபைத் தாய் மெல்லமெல்லக் காத்திருக்கப் பழக்கும் காலம் இது. நாமோ நவம்பர் மாத இறுதியிலேயே ஒளிவிழாக்களைத் தொடங்கிவிடுகிறோம். முதலாவது மெழுகுதிரி பாதி எரியுமுன்னரே சில குடில்களில் பாலன் இயேசு பிறந்துவிடுகிறார். நத்தார் நள்ளிரவுத் திருப்பலிக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் கரோல் கீதங்கள் அலுத்துப் போயிருக்கின்றன. ஒளிவிழா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காத்திருக்க வேண்டிய வாரங்களை நாமே விழுங்கிவிட்டு, இக்காலப் பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என்று நொந்துகொள்வது எவ்வகையில் நியாயம் என்றே கேட்கிறேன்.

எனினும், காத்திருக்க யாரும் பழக்கத் தேவையில்லாத இல்லங்களும் நம் பங்குகளில் இருக்கின்றன. திருமணமாகிப் பல ஆண்டுகளாகியும் தொட்டில் கட்டாத வீடு. வெளிநாட்டுக் கணவனின் விசா அனுமதிக்காகக் கடிதப்பெட்டியைப் பார்த்திருக்கும் இளம் மனைவி. பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத மகன். இவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் நம் வாயில் ஆயத்தமாக நிற்கும் வார்த்தை, "பொறுமையாயிருங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பதாகும். சொல்பவருக்கு அது மிக எளிது. கேட்பவருக்கோ, இனிமேல் இதுபற்றிப் பேசாதீர்கள் என்று சொன்னது போலவே இருக்கும். பொறுமை என்னும் புண்ணியத்தை நாம் மிக மலிவாக்கிவிட்டோம் என்பதே என் எண்ணம்.

விவிலியம் காட்டும் பொறுமை வேறு வகையானது. கடவுளின் அழைப்பைக் கேட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. ஈசாக்கு பிறந்தபோது அவருக்கு வயது 100. இடையிலுள்ள 25 ஆண்டுகளும் அவர் வாய்மூடி இருந்துவிடவில்லை. தமக்குப் பிள்ளையில்லாத குறையைக் கடவுளிடமே முறையிட்டார். வாக்குறுதியைக் கேட்ட சாரா, கூடாரத்துக்குள் நின்று சிரித்தே விட்டார். இவற்றையெல்லாம் மறைக்காமல் எழுதிவைத்த நூலையே நாம் இறைவார்த்தை என்று முத்தி செய்கிறோம். கடவுள் தம்மை மறந்துவிட்டாரோ என்று அழுது கேட்கும் திருப்பாடல்கள் பலவும் திருச்சபையின் அன்றாடச் செபத்தில் இடம்பெறுகின்றன. கேள்வி கேட்பதும் செபமே.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசு ஒரு கைம்பெண்ணை நம்முன் நிறுத்துகிறார். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத நடுவரிடம் அவள் திரும்பத் திரும்பச் சென்று நீதி கேட்கிறாள். அவளுடைய தொல்லை தாங்காமலே நடுவர் இணங்குகிறார். மனந்தளராமல் செபிப்பதற்கு ஆண்டவர் தந்த முன்மாதிரி இவள். மூலையில் முக்காடிட்டு அமர்ந்திருந்தவள் அல்லள். நடுவரின் வாசற்படியைத் தேய்த்தவள்.

நம் மண்ணின் வரலாற்றிலும் நீண்டதொரு காத்திருப்பு உண்டு. நம்மவர் பலர் அதை மறந்தே போயினர். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்குரியவையாயின. 1687ஆம் ஆண்டு, கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள் இம்மக்கள் தங்களுக்கென ஒரு குருவின்றி இருந்தார்கள். 1658இல் பிறந்த குழந்தை, திருப்பலி என்றால் என்னவென்று கண்ணால் காணாமலே பிள்ளைகுட்டி பெற்றிருக்கும்.

வந்தவருக்கோ இங்கு யார் கத்தோலிக்கர் என்று தெரியாது. வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. ஆகவே கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டதும் எந்த முகத்தில் மாற்றம் தெரிகிறதென்று கவனித்தார். அந்த உபாயம் பலித்ததன் பொருளைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். செபமாலை என்னவென்று அறிந்த கண்கள் அந்த வீடுகளில் இன்னும் இருந்தன. ஏறத்தாழ மூன்று தசாப்தங்களாகக் கதவுகளை மூடிக்கொண்டு யாரோ ஒரு பாட்டி அதைச் சொல்லிக்கொடுத்திராவிட்டால், 1687இல் அந்தப் பிச்சைக்காரரை யார் அறிந்திருப்பார்? சில்லாலை மக்கள் அவரைத் தங்களிடையே மறைத்துக் காத்தனர். இதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், திருப்பலிக்காகக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தப் படையினர் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் தப்பினார், பிடிபட்டவர்கள் துன்புற்றனர். பின்னர் கண்டிக்குச் சென்ற அடிகளார் 1711 சனவரி 16ஆம் திகதி அங்கே இறைவனடி சேர்ந்தார். 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவிப்பதற்கு மேலும் 304 ஆண்டுகள் சென்றன. புனிதரின் பெயர் நமக்குத் தெரியும். அவருக்காகக் காத்திருந்தோரின் பெயர்களோ பெரும்பாலும் தெரியாது.

இப்போது, சொல்லாமல் விடமுடியாத ஒன்றைச் சொல்கிறேன். காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வேறிடங்களிலும் மற்றத் தாய்மாரும் அவ்வாறே அமர்ந்தனர். காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இலேயே நிறைவேறியிருந்தது. தாய்மார் கேட்ட பதில் மட்டும் வரவில்லை. பதிலறியாமலே கண்மூடிய பெற்றோர் பலர். அவர்களிடையே இந்துத் தாய்மாரும் உளர்; நம் ஆலயங்களில் நம் அருகில் முழந்தாட்படியிடும் தாய்மாரும் உளர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் உறவுகளை இழந்தோரும் நீதிக்காகக் காத்திருக்கும் வேதனையை அறிந்தவர்களே.

இவர்களிடம் போய், "எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டிலிருங்கள்" என்று அறிவுரை கூறும் பக்திமான்களை நான் கண்டிருக்கிறேன். நல்ல எண்ணத்தோடுதான் கூறுகிறார்கள். ஆயினும், ஆண்டவர் நற்செய்தியில் உயர்த்திப் பேசிய கைம்பெண்ணை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் அறிவுரை அது. கையில் படத்தோடு வெயிலில் அமர்ந்திருக்கும் தாய் பொறுமை இழந்தவளல்லள். இத்தனை ஆண்டுகள் கடந்தும் வெறுப்புக்கு இடங்கொடாமல், மறதிக்கும் இடங்கொடாமல் இருப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

யாக்கோபு தம் திருமுகத்தில் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக ஓர் உழவரைக் காட்டுகிறார். காலபோகம் விதைக்கும் நம் விவசாயிக்கு இது விளங்கும். மழை அவர் கையில் இல்லை. ஆனால் வரம்பு கட்டுவதும் களை பிடுங்குவதும் அவர் கையில்தான் உள்ளன. மேகத்தைப் பார்த்தபடி திண்ணையில் இருந்தவரை ஊரில் யாரும் பொறுமைசாலி என்பதில்லை. அவருக்கு வேறு பெயருண்டு.

ஆகவே, குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் திருவருகைக் காலத்தில் வீட்டுச் செபமாலையின் ஒரு பத்து மணியைக் காத்திருப்போருக்காக ஒப்புக்கொடுங்கள். அதற்குமுன் உங்கள் பங்கில் அவ்வாறான ஒரு வீட்டைக் கண்டறிந்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை சென்றுவாருங்கள். ஆறுதல் வசனங்களைத் தேடிக்கொண்டு போகவேண்டாம். காணாமற்போன மகனின் பெயரைக் கேளுங்கள். அவன் எந்தப் பாடசாலையில் படித்தான், எதை விரும்பி உண்பான் என்று கேளுங்கள். தாய் சொல்லத் தொடங்கினால், நேரமாயிற்றென்று எழுந்துவிடாதீர்கள்.