இரண்டாம் பூட்டின் திறவுகோல்

புதிதாகச் சேரும் பணியாளர்க்குக் கடவுச்சொல்லை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, கைப்பேசியைப் பிறகு அவரே பதிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடும் வழக்கம் நிறுவனங்கள் பலவற்றில் நிலவுகின்றது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. கடவுச்சொல்லுக்குக் காவலாக அமைய வேண்டிய இரண்டாம் சான்று, முந்தி வந்து பதிபவர்க்கே உரியதாகிவிடுகின்றதன்றோ?

2022இல் மாண்டியன்ட் நிறுவனம் வெளியிட்ட செய்தி இதற்குச் சான்று. மைக்ரோசாப்டின் மேகக்கணிமைப் பயனர் பதிவகத்தில், உருவாக்கப்பட்டும் எவரும் பயன்படுத்தாது கிடந்த கணக்கொன்றின் கடவுச்சொல்லை, ருசிய உளவுத்துறையைச் சார்ந்ததாகக் கருதப்படும் குழுவொன்று ஊகித்தறிந்தது. தன் கருவியையே அதற்குரிய சான்றாகப் பதிந்துகொண்டு உள்ளே நுழைந்தது. பூட்டு இருக்கத்தான் செய்தது. திறவுகோலைத் திருடனே செய்துகொண்டான்!

2023இல் 'என்ட்ரா' எனப் பெயர் மாறிய அப்பதிவகத்திலேயே இதற்கு மாற்று உண்டு. தற்காலிக நுழைவுக் குறியீடு ஒன்றை நிர்வாகி வழங்கலாம். வேறாக அமைக்காதவரை அது 1 மணி நேரமே செல்லும். ஒருமுறை மட்டும் செல்லுமாறும் செய்யலாம். சேரும் நாளன்று ஆளை நேரில் அறிந்து, குறியீட்டைக் கையில் கொடுத்து, கண்முன்னே பதியச் செய்தலே முறை என்போம். தொலைவிலிருந்து சேர்வோரைக் காணொளியிலேனும் கண்டறிதல் வேண்டும். நேரமில்லை என்பர் சிலர். நாற்காலியும் மேசையும் ஒதுக்க நேரமிருக்கின்றதே! சேராது போனவர் கணக்கையோ அன்றே முடக்கிவிடுதல் வேண்டும்.