அசல் பர்மாத் தேக்கு

எம் சகோதரியின் மகன் புது வீட்டுக்கு மரம் எடுக்கச் சென்றபோது என்னையும் உடன் அழைத்துச் சென்றான். பன்னிரண்டு ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம். தலைவாசல் மட்டுமாவது பர்மாத் தேக்கில் அமைய வேண்டும் என்பது அவன் ஆசை. மரக்கடைக்காரர் ஒரு சட்டத்தைத் தட்டிக் காட்டி, "அசல் பர்மா, பாய். கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்றார். கண்ணைத் திறந்துகொண்டே எடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

நம் ஊர்களில் இப்பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. இரங்கூனுக்குக் கப்பலேறிச் சென்றவர்களின் காலத்தில் வந்திறங்கிய உத்திரங்கள் பல வீடுகளில் இன்றும் உறுதி குலையாமல் நிற்கின்றன. அந்நாளில் மரம் எடுத்த முறையும் நிதானமானது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே வெட்டவேண்டிய மரத்தின் அடியைச் சுற்றிலும் பட்டையோடு செதுக்கி, நின்ற நிலையிலேயே ஏறத்தாழ மூன்றாண்டுகள் காயவிடுவார்கள். பின்னர் வீழ்த்தி, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, மழைவெள்ளத்தில் ஐராவதி ஆற்றுக்கு அனுப்புவார்கள். ஓரிடத்தில் வெட்டினால் முப்பது ஆண்டுகள் கழித்தே அங்கு மீண்டும் கோடரி செல்லவேண்டும் என்பது விதி. ஆங்கிலேயர் இதைத் தருமத்துக்காக வகுக்கவில்லை, நாளைய இலாபத்துக்காகவே வகுத்தனர். ஆயினும் காடு மிஞ்சியது.

பின்னாளில் அவ்வொழுங்கு குலைந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2010 முதல் 2015 வரை அந்நாடு ஆண்டுதோறும் 5,46,000 ஹெக்டேர் காட்டை இழந்தது. 2014 ஏப்ரலில் உருட்டு மரங்களின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அறுத்த மரம் தொடர்ந்து வெளியேறியது. 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைப் பறித்ததும் அரசு மர நிறுவனம் அதன் கைக்குள் சென்றது. அதே ஆண்டில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்நிறுவனத்தின் மீது தடை விதித்தன. இந்தியா விதிக்கவில்லை, எனவே இங்கு அம்மரத்தை வாங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை.

2017-இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்களை அரக்கானிலிருந்து வங்கதேசத்துக்குத் துரத்தியதும் அதே இராணுவம்தான். அம்மக்களுக்காக துஆச் செய்கிறோம், நிதி திரட்டுகிறோம். மறுபுறம், அவர்களைத் துரத்தியவர்களின் கருவூலத்துக்கு நம் தலைவாசல் வழியாகவே காசு போகிறதென்றால்? இறைச்சிக் கடையில் "யார் அறுத்தது?" என்று கேட்கத் தயங்காத நாம், மரக்கடையில் "யார் வெட்டியது?" என்று கேட்பதே இல்லை.

நான் கேட்டேன். இறக்குமதி மரத்துடன் தாவர நலச் சான்றிதழ் வரவேண்டும். மரம் எந்நாட்டினது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு சற்று முகம் சுளித்தார், கடைசியில் கோப்பை எடுத்து வந்தார். அதில் இருந்த பெயர் கானா! "பர்மா என்று சொன்னால்தான் ஜனங்களுக்குத் திருப்தி, பாய்" என்றார். அவர் சொன்னது உண்மைதான்; அந்த ஆசை நம்முடையதே. ஆனாலும் பெயரை மாற்றிச் சொல்லி விற்ற பண்டத்தை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்படியானால் எதைத்தான் வாங்குவது, மாமா?" என்றான் மருமகன், சலிப்போடு.

வழி இல்லாமலில்லை. கேரளத்து நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போடத் தொடங்கிவிட்டார்கள். வனத்துறைக் கிடங்குகளில் ஏலம் விடப்படும் கட்டைகளில் சுத்தியல் முத்திரை இருக்கும். அனுமதிச் சீட்டும் கிடைக்கும். தனியார் நிலங்களில் வளர்ந்த தேக்கும் உண்டு. இளமரத்தில் வெளிப்புற வெண்பகுதி மிகுதி, கரையான் முதலில் தொடுவது அதைத்தான். ஆகவே வைரப்பகுதியை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். சன்னல்களுக்கு வேம்பே போதும். தேக்கில்லாவிட்டால் குடும்ப கௌரவம் குறைந்துவிடும் என்பவர்களுக்கு என்னிடம் பதிலில்லை.

பழைய வீட்டை இடித்தபோது கழற்றிய உத்திரங்கள் இரண்டு, சகோதரி வீட்டுக் கொல்லையில் இருபது ஆண்டுகளாகத் துணி துவைக்கும் மேடைக்கு அருகில் கிடந்தன. ஆசாரி வந்து ஆணிகளைப் பிடுங்கி, மேலே இழைத்துப் பார்த்தார். உள்ளே பொன்னிறம் மாறவில்லை. தலைவாசல் நிலைக்கு அவை சரியாகிவிட்டன. கதவுப் பலகைக்குத்தான் மரம் குறைகிறது. அதற்கு ஏலத்தில் எடுத்த உள்நாட்டுத் தேக்கு, சீட்டோடு, அடுத்த வாரம் வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.