கடல் எந்தத் துறையில் வருகிறது?

2023 மார்ச் 20 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை, 'நெய்தல் மீட்சி இயக்கம்' என்ற பெயரில் நம் கடலோரத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 2,000 கோடி ரூபாய் அறிவித்தது. உலக வங்கி உதவியோடு கடலரிப்பைத் தடுப்பது, மாசைக் குறைப்பது, கடல்வாழ் உயிர்களைக் காப்பது அதன் நோக்கம். நல்ல பெயர், நோக்கமும் நல்லதே.

ஆனால் பேரவையின் அன்றாட நடைமுறையைப் பாருங்கள். கேள்வி நேரம் முடிந்ததும் மானியக் கோரிக்கைகள் துறைவாரியாக விவாதத்துக்கு வருகின்றன. மீன்வளம், சுற்றுச்சூழல், தொழில் என ஒவ்வொன்றுக்கும் தனி அமைச்சர், தனிப் பதிலுரை. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகமோ மத்திய அரசின் பொறுப்பு. வலை வீசுகிறவருக்கு இருப்பது ஒரே கடல்தான்.

அந்தக் கடலில் 1961-க்குப் பிறகு பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். (அந்நாளில் அதற்கும் வளர்ச்சி என்றுதான் பெயர்.)

2025 செப்டம்பரில் வ.உ.சி. துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி ஆலை திறக்கப்பட்டது. புகையில்லா எரிபொருளை வேண்டாம் என்போர் இல்லை. ஆனால் அதைத் தயாரிக்க நன்னீர் வேண்டும். பெரிய ஆலைகள் வந்து, கடல்நீரை நன்னீராக்கினால், மிஞ்சும் கடும் உப்புநீர் எங்கே விடப்படும்? பவளத்திட்டுகளின் பக்கமா, மீன் குஞ்சு வளரும் கரையோரமா? இதை நம் உறுப்பினர்கள் எந்த அமைச்சரிடம் கேட்பார்கள்? மூன்று துறைகளையும் ஒரே நாளில் விவாதத்துக்கு எடுத்தால், ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது.